மாரிக்கு முன் இரண்டு சனிக்கிழமை

மழை தொடங்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருப்பவர்களுக்கு இது உதவாது. மட்டக்களப்புப் பக்கம் வருடத்து மழையில் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தை என்ற மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரம் ஏணியில் ஏறவும் ஏலாது, கிணறு இறைக்கவும் ஏலாது, கரண்ட் வேலை செய்கிற ஆளைப் பிடிக்கவும் ஏலாது. ஐப்பசியில் இரண்டு சனிக்கிழமை ஒதுக்குங்கள், போதும்.

1978 சூறாவளி, 2011 தை வெள்ளம் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் தண்ணீர் எந்த மட்டுக்கு ஏறியது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அது சரி. ஆனால் எங்கள் குடும்பத்தில் இத்தனை வருடத்தில் ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தவை எல்லாம் சின்னச் சாமான்கள்தான்: தண்ணீர் வாளி, படுக்கிற பாய், கிணறு, ஒரு பழைய பிளக். அதுவும் பாதி, வெள்ளம் வற்றின பிறகு.

மேலிருந்து தொடங்குங்கள், கூரைப் பீலியிலிருந்து. மாவிலை, வேப்பிலை எல்லாம் விழுந்து மக்கி அடைத்திருக்கும்; அதைக் கையால் அள்ளிக் கீழே போடாவிட்டால் முதல் மழைக்கே அங்கே தண்ணீர் நின்று நுளம்புக்குத் தொட்டில் ஆகிவிடும். அப்படியே வீட்டைச் சுற்றி ஒரு நடை: சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், கவிழ்த்து வைக்காத பூச்சாடித் தட்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், நானும் தெரிந்ததாகத்தான் நினைத்திருந்தேன். போன வருடம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார், வளவைப் பார்க்கவேயில்லை, நேரே குசினிக்குள் போய் பிரிட்ஜுக்குப் பின்னால் டோர்ச் அடித்தார். அடியில் தண்ணீர் சொட்டி விழுகிற அந்தச் சின்னத் தட்டு, அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. உங்கள் பிரிட்ஜை இன்றைக்கே சுவரிலிருந்து இழுத்துப் பாருங்கள்.

தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் வேலை முடியாது. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். உற்றுப் பார்த்தால் மிளகுத்தூள் தூவியது போலத் தெரியும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் வாளி, தொட்டி, பீப்பாய் எதுவென்றாலும் தும்பு போட்டு உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும் என்பதால் கிழமைக்கு ஒருநாள் போதும், எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை, எப்படியும் வீடு கழுவுகிற நாள்.

அடுத்தது கிணறு. இதில்தான் நேரம் போகும், போகட்டும்.

எழுவான்கரையில், அதாவது ஆற்றுக்கு (மட்டக்களப்பு வாவிக்கு) கிழக்கே கடல் பக்கம், எங்கள் மண் முழுக்க மணல். தண்ணீர் லேசாக வரும், அதே லேசில் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழியிலிருந்தும் வரும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இருக்க வேண்டும் என்பார்கள். காத்தான்குடி, கல்லடிப் பக்கம் பத்துப் பேர்ச் வளவில் அதற்கு எங்கே போவது? இடைவெளி இல்லாத வீட்டில் குடிக்கிற தண்ணீரை வருடம் முழுக்கக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும், நன்றாகக் குமிழி விட்டுக் கொதித்து ஒரு நிமிடம் கழித்து இறக்கினால் சரி. கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடித்துவிட்டுக் கொதிக்க வையுங்கள்.

மாரிக்கு முன் செய்ய வேண்டியது கிணற்றுக் கட்டைப் பார்ப்பது. கிணற்றுக் கட்டு நிலத்திலிருந்து ஆளின் இடுப்பளவுக்காவது இருக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் சீமெந்து பூசுங்கள், சுற்றித் தண்ணீர் தேங்காதபடி வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். மேலே கம்பி வலை மூடி. இது தண்ணீருக்கு மட்டும் அல்ல, நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும்தான். வாளியைக் கிணற்றடி மண்ணில் வைக்கிற பழக்கத்தை விட்டு, ஒரு கொழுக்கியில் மாட்டப் பழகுங்கள்.

வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் வேறு கதை. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் குடிக்க நான் சொல்லமாட்டேன், உரமும் பூச்சிமருந்தும் வயலிலிருந்து வந்து கலந்திருந்தால் கொதி அதை எடுக்காது. பவுசர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வரும் வரைக்கும் அதைக் குளிக்கவும் பாவிக்காமல் இருப்பது நல்லது. வற்றின கையோடு மோட்டரைப் போட்டு இறைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். சுற்றி நிலம் ஊறிக்கிடக்கும்போது உள்ளே தண்ணீரை ஒரேயடியாக வெளியேற்றினால், வெளியே இருக்கிற தண்ணீரும் மணலும் வளையத்தை உள்ளே தள்ளிவிடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு கிணறு அப்படித்தான் சாய்ந்தது. வளவு காய்ந்து நாலைந்து நாள் போகட்டும், பிறகு விட்டுவிட்டு இறையுங்கள். பெற்றோல் மோட்டரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடுகிற வேலையே வேண்டாம்: அந்தப் புகை உள்ளேயே தங்கும், பிறகு இறங்குகிற ஆள் சத்தமே இல்லாமல் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

இறைத்து, சுவரைத் தேய்த்து, திரும்ப ஊறின பிறகு குளோரின். தூள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் பி.எச்.ஐ.யிடம் கிடைக்கும், எவ்வளவு போட வேண்டும் என்பதையும் அவரே சொல்வார், ஆனால் உங்கள் கிணற்றில் எத்தனை லீட்டர் இருக்கிறது என்று கேட்பார், அங்கேதான் எல்லோரும் முழிப்பது. கணக்கு லேசு. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீர் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து, விட்டத்தை அதாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, கடைசியில் 22ஆல் பெருக்குங்கள். 5 அடி விட்டம், 6 அடி தண்ணீர் என்றால் 5, 5, 6, 22 எல்லாம் பெருக்க 3,300 லீட்டர். அளந்து துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். தூளை நேரே கொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் மண்டி படிய விட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றி, வாளியைக் கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழும் அடித்துக் கலக்குங்கள். ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும். மறுநாள் மணம் குறையும் வரை இறைத்து ஊற்றிவிட்டுப் பாவிக்கலாம். மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், மலசலகூடம் கழுவுகிற அசிட்டோடு இந்தத் தூளைச் சேர்க்கவே வேண்டாம், நச்சு வாயு கிளம்பும்.

இத்தனைக்கும் பிறகும் யாருக்காவது வயிற்றோட்டம் வரும். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) பைக்கற்று நாலைந்தை வீட்டில் வைத்திருங்கள், ஒன்றுக்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீர், அரை லீட்டரில் கரைத்து 'கெட்டியாக' கொடுப்பது பிழை, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். பைக்கற்று இல்லாத இரவில் ஒரு லீட்டருக்குத் தட்டை மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளை அழும்போது கண்ணீர் வராவிட்டால், மூத்திரம் போகாவிட்டால், கண் உள்ளே போயிருந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பாயும் பாம்பும்

என் மாமி ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அந்தப் பக்கம். கட்டில் வாங்கிக் கொடுத்தோம். அதில் நெல் மூட்டை படுக்கிறது, மாமி கீழே. "எனக்குப் பாயில படுத்தாத்தான் மகள் நித்திரை வரும்" என்று விட்டார். அவரை மாற்ற ஏலாது என்று தெரிந்ததும் நாங்கள் செய்தது நுளம்பு வலை வாங்கிக் கொடுத்து, வலையின் விளிம்பை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகப் பழக்கியதுதான். நுளம்புக்கு என்று சொன்னோம். உண்மையில் அது கட்டுவிரியனுக்கு.

கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. தரையில் படுத்திருப்பவரை நித்திரையிலேயே கடித்துவிட்டுப் போய்விடும், வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம் கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வயிற்றுவலி, சத்தி என்று எழும்புவார்கள். மாமியின் ஒழுங்கையில் ஓர் ஆளுக்கு அப்படித்தான், வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், அவர் மனைவி மட்டும் "இவருக்குக் கண் இமை ஏன் இப்படித் தொங்குது" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விதான் அவரைக் காப்பாற்றியது. வயிற்றுவலியோடு இமை தொங்கினால், விழுங்கக் கஷ்டமானால், பேச்சுக் குழறினால், பாம்பை யாரும் காணவில்லை என்றாலும் ஆஸ்பத்திரி. அவர் ஒரு கிழமை மூச்சு மெசினில் இருந்து திரும்பி வந்தார், இப்போதும் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போகிறார்.

கடித்தது தெரிந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக்கூடாதது அதிகம். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மோதிரம், காப்பு, கால் சங்கிலியைக் கழற்றுங்கள். கை காலை மட்டை ஒன்றோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, ஆளைப் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். நடக்க விட வேண்டாம். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறி இரத்தம் விடுவது, வாயால் உறிஞ்சுவது, கல் வைப்பது ஒன்றும் வேண்டாம். பரிசாரியிடம் முதலில் காட்டிவிட்டுப் போவோம் என்கிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, அவர்களோடு சண்டை பிடிக்க நேரம் இல்லை, 'ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தானே' என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றுங்கள், நேரே போங்கள். விஷமுறிப்பு ஊசி அங்கேதான் இருக்கிறது. பாம்பை அடிக்கத் தேடி நேரத்தைக் கெடுக்க வேண்டாம், தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், அவ்வளவுதான்.

வெள்ளம் ஏறும்போது பாம்புக்கும் மேட்டுநிலம் வேண்டும், உங்கள் வீடுதான் மேட்டுநிலம். விறகை, தேங்காய் மட்டையைச் சுவரோடு அடுக்காமல் தள்ளி வையுங்கள். நெல் மூட்டை படுக்கிற அறையில் இருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் அதுவும் வரும் (மாமியின் கட்டிலை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்). இரவில் முற்றத்தில் இறங்க டோர்ச்சும் செருப்பும். புடையன் (கண்ணாடிவிரியன்) சருகுக்குள் சருகாகக் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும்.

காய்ச்சல் வந்தால்

மாரியில் காய்ச்சல் என்றால் எல்லோரும் தடிமன் என்றே தொடங்குவார்கள். 2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானதை நினைத்துக்கொண்டு, வேறு என்று நிரூபிக்கும் வரை டெங்கு என்றே நடந்துகொள்ளுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும் முதல் வரியில். எந்த டாக்டரும் முதலில் கேட்பது அதுதான், நாம் 'முந்தாநாளா, அதுக்கு முந்தியா' என்று திணறுவதும் அதில்தான்.

மருந்து பரசிற்றமோல் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒருநாளில் எட்டுக்கு மேல் இல்லை. பிள்ளைக்கு வயதை விட நிறைதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் பத்துக் கிலோப் பிள்ளைக்கு ஆறு மில்லிலீட்டருக்குச் சற்று மேல், போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்து அளவுக் கரண்டியால் அளந்து கொடுங்கள், தேக்கரண்டியால் அல்ல. உடல் வலிக்குது என்று பார்மசியில் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக், மெபனமிக் அசிட் எதையும் கேட்டு வாங்காதீர்கள், டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதியுங்கள். எங்கள் ஆட்கள் பிழை விடுகிற இடம் அடுத்தது. நாலாம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும், தாய்மார் நிம்மதியாகக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆயத்தமாவார்கள். டெங்கு ஆபத்தாவது அந்த நேரத்தில்தான், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம். காய்ச்சல் இறங்கியும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு வலித்தால், சத்தி நிற்காவிட்டால், கை கால் குளிர்ந்தால், முரசில் இரத்தம் கண்டால், ஆறு மணித்தியாலமாக மூத்திரம் போகாவிட்டால் உடனே போங்கள். கொப்பியில் மூத்திரம் போன நேரத்தையும் எழுதச் சொல்வது அதற்குத்தான். குடிக்க ஜீவனி, இளநீர், கஞ்சி, சூப் கொடுக்கலாம், வெறும் தண்ணீரை மட்டும் அல்ல. சிவப்பு, கபில நிறப் பானங்களை விடுங்கள், சத்தி எடுத்தால் இரத்தமா சோடாவா என்று தெரியாது.

வயலுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் இன்னொன்று. பெரும்போகத்துக்குச் சேற்றில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையை எம்.ஓ.எச். கந்தோரில் கேளுங்கள், கிழமைக்கு ஒருமுறை சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் கேட்காமல் விழுங்கக்கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட ஏலாமல் வலித்தால், கண் சிவந்தால், 'நான் வட்டைக்குப் போற ஆள்' என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சீனி வருத்தம் உள்ளவர் வெறுங்காலோடு சேற்றில் நிற்கவே வேண்டாம். மெலியோய்டோசிஸ் என்று ஈரமண்ணில் வாழ்கிற கிருமியால் வருகிற நோய் மட்டக்களப்பில் உண்டு, அது தேடிப் பிடிப்பது சீனி வருத்தக்காரரைத்தான். பூட்ஸ் போட்டு நடக்கக் கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான்.

மிச்சம்

கரண்டில் ஒரே ஒரு வேலை: ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' (Test) என்று சின்னப் பொத்தான் இருக்கும், அமத்துங்கள், பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் ஒட்டிய படம் மாதிரித்தான், ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். தண்ணீர் வாசலுக்கு வரும் முன்னரே மெயினை நிறுத்துங்கள், வந்த பிறகு தண்ணீரில் நின்றுகொண்டு கை வைக்காதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் 1987க்கு அடித்துச் சொல்லிவிட்டு ஆட்களைத் தள்ளி நிற்க வையுங்கள். பின்னேர இடிக்கு டிவியின் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள்.

லைன் போன இரவுக்குக் குப்பி விளக்கு ஏற்றுவதாக இருந்தால் ஒல்லிப் போத்தலில் வேண்டாம். நம் நாட்டு டாக்டர் விஜய கொடகும்புர, விளக்குச் சரிந்து எரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே, குட்டையாகக் கனமாக, திருகு மூடியோடு ஒரு விளக்கைச் செய்து 1998இல் உலக விருதும் வாங்கினார். டோர்ச் இருந்தால் அதுவும் தேவையில்லை. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வீடு இன்னும் இருக்கிறது. பிள்ளை குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும், போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீதியை மூடித் தண்ணீர் ஓடினால் கடக்க வேண்டாம், எந்த வாகனத்திலும். 2024 கார்த்திகையில் மாவடிப்பள்ளியில் மதரஸா பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. உழவு இயந்திரம் பாரம், போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

கடைசியாகப் பை ஒன்று. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகம், பிரஷர், சீனிக் குளிசைகள் இரண்டு கிழமைக்கு, எல்லாம் பொலித்தீனில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் ஒரு புது மண்சட்டியும் வாங்கி வையுங்கள், கரண்ட் போனால் அதில் ஈரமணல் போட்டுச் சின்னப் பானையை வைத்து அதற்குள் குப்பியை நனையாமல் வைக்கலாம். கார்த்திகை, மார்கழியில் பிள்ளை பிறக்க நாள் குறித்திருக்கும் மகளோ மருமகளோ படுவான்கரையில் இருந்தால், நாள் வரும் வரை காத்திருக்காமல் இரண்டு கிழமை முன்னரே ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். வீதி மூடினால் அம்புலன்சும் வராது. 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவம். இரண்டையும் போனில் மட்டும் வைக்காமல் குசினிக் கதவில் கரியால் பெரிதாக எழுதுங்கள், அந்த நேரம் பார்த்துத்தான் போனில் சார்ஜ் இருக்காது.